தடைகளுக்குப் பழகிய ஏரி

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கின்றன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. சூலூர்பேட்டையிலிருந்து ஏரியின் குறுக்கே போடப்பட்ட சாலையில் அங்கு போகலாம். ஆனால், விண்வெளி மையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். கரோனாவுக்கு முன்பும் வேண்டும், பின்பும் வேண்டும். 2020இல் தமிழகம் ‘இ-பாஸ்’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டபோது, இந்த ஏரிக்கரை மக்களுக்கு அதன் பொருள் புதியதல்ல.

திருப்பாலைவனத்திலிருந்து பழவேற்காடு வரையுள்ள ஊர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று: தமிழகத்தில் இவர்களைப் போலக் கட்டுப்பாடுகளுக்குப் பழகியவர்கள் குறைவு. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. கிழக்குக் கடற்கரை முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். இவை அரசு விதிப்பவை. ஊர் விதிப்பது ஒன்று உண்டு. அதைப் ‘பாடு’ என்கிறார்கள். ஏரியில் இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னார் வலை விடலாம் என்று கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். பாடு முறையைப் போற்றிப் பேசுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்தச் சீட்டில் இடம்பெறாதவர்களும் இதே ஏரியை நம்பித்தான் இருக்கிறார்கள். வலையில்லாமல், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் அவர்களில் சிலர்.

இத்தனை தடைகளுக்கும் பொதுவான ஓர் இயல்பு, அவை முன்கூட்டியே தெரியும் என்பது. தடைக்காலம் நாள்காட்டியிலேயே இருக்கிறது. அதற்கு அரசு நிவாரணமும் தந்துவந்தது. அன்றைய கணக்கில் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். போதாத தொகைதான். ஆனாலும் வட்டிக்கு வாங்குவதா, நகையை அடகு வைப்பதா, வலையைப் பழுதுபார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டுவதா என்று ஒரு குடும்பம் திட்டமிட முடியும்.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவில் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. இடையில் நான்கு மணி நேரம். மீன்பிடித் தொழிலுக்கு விலக்கு அளித்து மத்திய உள்துறை ஆணையிட்டது ஏப்ரல் 10இல். அடுத்த ஐந்தாம் நாள் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் தொடங்கிவிட்டது! கோப்பில் பார்த்தால் சலுகை. கரையிலிருந்து பார்த்தால் ஐந்து நாள். பிறகு, அந்த ஆண்டுக்கு மட்டும் தடைக்காலத்தை மே 31உடன் முடித்து, 47 நாள்களாகக் குறைத்தார்கள். அது நல்ல முடிவு. தொழில் தெரிந்தவர்கள் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

சிக்கல் நீரில் இல்லை, சாலையில் இருந்தது. மீன் பிடிக்கலாம் என்பது பாதி அனுமதிதான். பனிக்கட்டி வர வேண்டும், வண்டி வர வேண்டும், வாங்க ஆள் வர வேண்டும். சேற்று நண்டு உயிரோடு விமானம் ஏறிச் சிங்கப்பூர்வரை போகும் சரக்கு. மார்ச் 23 முதல் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றுவிட்டன. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையும் அண்டை மாவட்டங்களும் மீண்டும் முடக்கப்பட்டபோது, திருவள்ளூர் மாவட்டம் முழுமையும் அதில் சேர்க்கப்படவில்லை. ஆனால், பொன்னேரி, மீஞ்சூர் பேரூராட்சிகள் சேர்க்கப்பட்டன. ஏரி மீன் முதலில் போய்ச் சேரும் சந்தைகள் அவைதான். ஊரைத் திறந்து வைத்துவிட்டு, ஊர் பிழைக்கும் சந்தையை மூடினால், கூடையைத் தலையில் சுமந்து விற்கும் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எல்லைகளின் கதை இன்னும் விசித்திரமானது. அந்த ஏப்ரலில் வேலூர் மாவட்ட நிர்வாகம் ஆந்திரத்துக்குப் போகும் சாலைகளின் குறுக்கே சுவரே எழுப்பியது. கண்டனம் எழுந்ததும் இடித்தது. பழவேற்காட்டில் மாநில எல்லை ஏரித் தண்ணீரில் போகிறது. சுவர் கட்ட இடமில்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் இ-பாஸ் முறையில், ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்தவர் அனைவருக்கும் அனுமதி என்றார்கள். செப்டம்பர் 1இல் அதையும் நீக்கினார்கள். கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கும் அனுமதி எதைத் தடுத்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் பார்வையாளர் மாடத்தை மூடிவைத்து, நவம்பர் 7இல் பிஎஸ்எல்வி-சி49 ஏவப்பட்டது. அந்தத் தீவுக்குத் தனி ஏற்பாடு வகுக்க முடிந்த நாட்டுக்கு, எதிர்க்கரைக் குப்பங்களுக்கு ஒன்று வகுக்க முடியாமலா போயிருக்கும்?

கட்டுப்பாடே வேண்டாம் என்பதல்ல என் வாதம். நெருக்கமான வீடுகளும் பொதுக் குழாய்களும் உள்ள குப்பத்தில் தொற்று நுழைந்தால் என்ன ஆகும் என்பதை 2021 இரண்டாம் அலைக்குப் பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், நாம் கையிலெடுத்த கொள்ளைநோய்ச் சட்டம் பம்பாய் பிளேக் காலத்தில், 1897இல் நான்கே பிரிவுகளோடு எழுதப்பட்டது. 2020 திருத்தம் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குக் கடும் தண்டனையைச் சேர்த்தது, தேவையான திருத்தம். முடக்கப்படுவோருக்கு எவ்வளவு அவகாசம், என்ன நிவாரணம் என்பது அதில் இல்லை. பொதுச் சுகாதாரத்துக்கென இந்தியாவிலேயே முதலில், 1939இல், தனிச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். அந்தச் சட்டத்தை விரிவாக்கி இவற்றைச் சேர்க்கத் தமிழக அரசால் முடியும்.

மாவட்ட அளவில் செய்யக்கூடியது இன்னும் எளிது. மீன் இறங்கும் துறைகள், பனிக்கட்டி ஆலைகள், மீன் வண்டிகள் ஆகியவற்றின் பட்டியலை மீன்வளத் துறை அமைதிக் காலத்திலேயே தயாரித்து ஆட்சியரிடம் தரலாம். பொன்னேரியை மூடினால் மீன் எங்கே விற்கப்படும் என்பதை ஊர்ப் பஞ்சாயத்துகளைக் கேட்டு முடிவுசெய்யலாம். நிவாரணப் பட்டியலில் படகு உள்ளவர் மட்டுமல்லாமல், கூடைக்காரப் பெண்களும், எந்தப் பாட்டிலும் சேராத இருளர் குடும்பங்களும் இடம்பெற வேண்டும்.