நாணமும் மருத்துவ அமைப்பும்: மணிப்பூரில் ஊசிவழிப் போதைப்பழக்கமும் எச்.ஐ.வி. சிகிச்சையும்

எச்.ஐ.வி. தொற்றுள்ள போதைப்பழக்கத்தார் சிகிச்சையை இடையில் கைவிடுவதற்கு அவர்களது மனவுறுதிக் குறைவே காரணம் என்பது பரவலான கருத்து. அதையே சற்று மென்மையாக்கி, அவர்களுள் ஊறிப்போன வெட்கமே காரணம் என்று கூறுவோரும் உளர். இரு விளக்கங்களும் குறையை நோயாளியிடமே வைக்கின்றன. மணிப்பூரின் அனுபவத்தைக் கூர்ந்து நோக்கினால், அவ்வெட்கத்தின் பெரும்பகுதி மருத்துவமனையின் அமைப்பிலும் சட்டத்தின் சொற்களிலும் நாள்தோறும் உண்டாக்கப்படுவது என்பது புலனாகும்.

ஒருவரின் ஏதேனும் ஒரு பண்பைக் கொண்டு அவரை முழுமையாக மதிப்பிழக்கச் செய்வதைச் சமூகவியலர் எர்விங் காஃப்மன் 1963இல் வெளியிட்ட நூலில் களங்கம் என்னும் கருத்தாக விளக்கினார். பின்வந்த ஆய்வாளர்கள் இதைப் பிறர் நேரடியாக இழைக்கும் களங்கம், இழைப்பர் என்று முன்கூட்டியே அஞ்சும் களங்கம், தன்னைத் தானே இழிவாகக் கருதும் உள்வாங்கிய களங்கம் எனப் பிரித்தறிந்தனர். உளவியலில் குற்றவுணர்வு செய்த செயலைப் பற்றியது என்றும், வெட்கம் செய்த ஆளைப் பற்றியது என்றும் வேறுபடுத்துவதுண்டு. திருக்குறள் நாணுடைமையை ஓர் அதிகாரமாக்கி அறமாகவே போற்றுகிறது என்பதும் இங்கு எண்ணத்தக்கது. ஆனால் அந்த நாண் தகாத செயலுக்குக் கூசுவது, அச்செயலை விட்டவுடன் நீங்கக்கூடியது. ‘போதை அடிமை’ என்று பெயரிடப்பட்டவருக்கு வாய்ப்பதோ, விட்டாலும் நீங்காத வேறொன்று.

மியான்மர் எல்லையிலுள்ள மோரே வழியாக வந்த ஹெராயின் 1980களில் மணிப்பூர் இளைஞரிடையே பரவியது. அங்கு ஊசி போட்டுக்கொள்வோரிடம் 1989 செப்டம்பர் வரை காணப்படாதிருந்த எச்.ஐ.வி. தொற்று, அடுத்த ஆறு மாதங்களுக்குள் பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் கண்டறியப்பட்டது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டதே இவ்வேகத்திற்குக் காரணம். அப்பகிர்வுக்குக் காரணமோ, கையில் ஊசியுடன் பிடிபடுவோம் என்னும் அச்சம். ஆயுதக் குழுக்கள் போதைப்பழக்கத்தாரைக் காலில் சுட்டுத் தண்டித்த நிகழ்வுகளும் அக்காலத்தவை. இச்சூழலில்தான் முன்னாள் போதைப்பழக்கத்தாரே கூடி இம்பாலில் ‘சாசோ’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். மாநில அரசும் 1996இல் ஏற்ற எய்ட்ஸ் கொள்கையில் தீங்கு குறைப்புக்கு இடமளித்தது. பழக்கத்தை உடனே நிறுத்தும்படி வற்புறுத்தாமல், அதனால் விளையும் கேட்டைக் குறைக்கப் புதிய ஊசிகளையும் மாற்று மருந்தையும் வழங்கும் முறையே தீங்கு குறைப்பு எனப்படுகிறது.

கொள்கை மாறியபோதும் வாசல்கள் இரண்டாகவே இருந்தன. இந்தியாவில் 2004 முதல் இலவசமாக வழங்கப்படும், எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. கூட்டுமருந்து ஓரிடத்திலும், ஹெராயினுக்கு மாற்று மருந்தாக நாவின்கீழ் வைத்துக் கரைக்கும் புப்ரெனார்பின் மாத்திரை வேறோரிடத்திலும் கிடைப்பது வழக்கம். பின்னதைப் பெரும்பாலும் செவிலியர் கண்முன் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். எனவே நோயாளி ஓரிடத்தில் தொற்றையும் மற்றோரிடத்தில் பழக்கத்தையும் மறைத்துக்கொண்டு நடமாட நேர்கிறது. இம்மறைப்பின் விலை மருந்தியலிலும் உண்டு. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் குருதியில் புப்ரெனார்பின் அளவைக் குறைக்கிறது. எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸ், மற்றொரு மாற்று மருந்தான மெத்தடோனின் அளவைக் குறைக்கிறது. அதனால் உடல்வலி, நடுக்கம், உறக்கமின்மை ஆகியவை மீளத் தோன்ற, நோயாளி காசநோய் அல்லது எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்துகிறார் அல்லது மீண்டும் ஊசியை நாடுகிறார். இரு மருந்துச் சீட்டுகளையும் ஒருங்கே பார்க்காத மருத்துவர் இதை ஒழுங்கீனம் எனக் குறித்துவைக்கிறார். மருந்தளவைத் திருத்தித் தீர்க்கவேண்டிய சிக்கல் நடத்தைக் குறையாகப் பதிவாவதும், அப்பதிவை நோயாளியே நம்பத் தொடங்குவதும் இவ்வாறுதான்.

சட்டமும் இத்தகைய இரட்டைப் பேச்சே பேசுகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் நுகர்வையே குற்றமாக்குகிறது; தாமே முன்வந்து சிகிச்சை பெறுவோருக்கு அதன் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்களித்தாலும், சிகிச்சையை முழுமையாக முடிக்காதவரிடமிருந்து அவ்விலக்கைத் திரும்பப் பெறவும் இடம் வைத்துள்ளது. பழக்கம் மீள்வது இந்நோயின் இயல்பு என மருத்துவம் கூறுகையில், அம்மீள்வையே சட்டம் தண்டனைக்குரிய தவறுதலாகக் காண்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் பாகுபாட்டைத் தடைசெய்வதோடு, தொற்று அபாயத்தைக் குறைக்கும் ஊசி வழங்கல் போன்ற பணிகள் குற்றமாகா என்றும் தெளிவுபடுத்தியது. ஆயினும் இப்பாதுகாப்பு ஊசி கொடுப்பவருக்கு எட்டிய அளவு, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடப்பவருக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

வாசல்களை ஒன்றாக்கினால் வெட்கம் தானே அகலும் என்று முடிவு கட்டுவதும் அவசரமே. சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் இந்திய நகரங்களில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், ஒருங்கிணைந்த மையங்கள் இருந்த இடங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை கூடுதலாகக் காணப்பட்டபோதும், அவ்வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. மையம் திறந்திருப்பது வேறு, அதனுள் கால் வைப்பது வேறு. கால் வைக்கச் செய்பவர் பெரும்பாலும் அதே பழக்கத்தைக் கடந்துவந்த சக உதவியாளரே. அவர் முன்னிலையில் மறைப்பதற்கு எதுவும் இல்லை. அத்தகையோரைக் குறைந்த மதிப்பூதியத்தில், பணிப்பாதுகாப்பின்றி வைத்திருப்பது திட்டங்களின் பெருங்குறை.

அண்மைக்காலத்தில் தொற்றுள்ளோரின் வெட்கத்தைப் பெரிதும் குறைத்தது, கண்டறிய இயலாத அளவுக்கு வைரஸ் குறைந்தவரிடமிருந்து தொற்று பரவாது என்னும் செய்தி. ஆனால் அது உடலுறவு வழித் தொற்றுக்கே நிறுவப்பட்டது. ஊசிப் பகிர்வுக்கு அதே வலிமையுள்ள சான்று இல்லை. ஆகவே ஊசி போட்டுக்கொள்வோரிடம் ஆலோசகர் இச்செய்தியை உடலுறவைப் பொறுத்து மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டு, ஊசிப் பகிர்வைத் தவிர்க்கப் புதிய ஊசியைக் கையில் தரவேண்டியவராகிறார். ஏ.ஆர்.டி. மையத்தின் அலமாரியில் அந்த ஊசி இல்லாதபோது, நோயாளி மீண்டும் மற்றொரு வாசலுக்கே அனுப்பப்படுகிறார்.