புல்லட்டை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

புல்லட் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் புலம்பலாகத்தான் வரும். ஸ்பேர் பார்ட்ஸ் விலை ஏறிவிட்டது, இந்த ஊர் டீலர் நன்றாகப் பார்க்கிறார், அந்த ஊர் டீலரிடம் விட்டால் வண்டி வேறு சத்தத்தோடு திரும்பி வருகிறது... எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, அடுத்து என்ன வண்டி வாங்குவீர்கள்?" என்று கேளுங்கள். "வேறென்ன, புல்லட்தான்!" என்று பதில் வரும்.

தரமும் விலையும் சர்வீஸும் பிடித்திருந்தால் வாடிக்கையாளர் திரும்ப வருவார், அதுதான் பிராண்ட் விசுவாசம் என்கின்றன மார்க்கெட்டிங் பாடப்புத்தகங்கள். புல்லட்டின் எழுபது வருஷக் கதையைப் படித்தால் இது பாதி உண்மைதான் என்று தெரியும். அந்த விசுவாசம் எங்கிருந்து வந்தது, அது கம்பெனியைக் காப்பாற்றியதா என்று பார்க்கத் திருவொற்றியூரிலிருந்து தொடங்க வேண்டும்.

ரெடிச் டு திருவொற்றியூர்

ராயல் என்ஃபீல்டு பிறப்பால் இங்கிலாந்து வண்டி. ரெடிச் என்ற ஊரில் 1901ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். 'புல்லட்' என்ற பெயர் 1930களில் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லையில் ரோந்து போக இந்திய ராணுவத்துக்குக் கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டி தேவைப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான 350 சி.சி. புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அந்த ஆர்டரை எடுத்தது சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ்.

1955ல் ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டாக 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1960களின் தொடக்கத்துக்குள் வண்டி முழுவதும் இங்கேயே தயாரானது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ரெடிச் தொழிற்சாலை 1967ல் மூடப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் தாய்க் கம்பெனியே காணாமல் போனது. குழந்தை மட்டும் திருவொற்றியூரில் வளர்ந்துகொண்டிருந்தது. 1977ல் அதே புல்லட் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது!

விசுவாசமா, வேறு வழியில்லையா?

அந்தக் காலத்தில் யார் எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதை அரசாங்க லைசென்ஸ் முடிவு செய்தது. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள் என்றால் மைசூரில் தயாரான ஜாவா (பிறகு யெஸ்டி), எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத், சென்னையின் புல்லட். கடையில் இருந்ததே கொஞ்சம்தான்.

ஆகவே புல்லட் விசுவாசத்தின் முதல் அத்தியாயத்தில் 'தேர்வு' என்பதே பெரிதாக இல்லை. ராணுவம் வாங்கியது, போலீஸ் வாங்கியது. அவர்கள் ஏறி வந்ததால் அந்த வண்டிக்கு ஒரு அதிகாரத் தோரணை ஒட்டிக்கொண்டது. பஞ்சாபில் வசதியான விவசாயிகள் வாங்கினார்கள். கேரளத்திலும் அதற்குத் தனி மவுசு. ராஜஸ்தானில் பாலி நகருக்கு அருகே ஒரு புல்லட்டுக்குக் கோயிலே இருக்கிறது. விபத்தில் இறந்த ஓம் பன்னா என்பவரின் வண்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அந்த வழியாகப் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

வண்டி அப்படி ஒன்றும் சாதுவானது அல்ல. டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்துவிட்டதா என்று பார்த்து, பிறகுதான் கிக்கரை மிதிக்க வேண்டும். தவறாக மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். என்ஜினிலிருந்து ஆயில் ஒழுகும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் ஏறினால் முதல் நாள் திண்டாட்டம்தான்.

இந்தக் குறைகளோடு அந்த வண்டியை ஓட வைத்தவர்கள் டீலர்கள் மட்டும் அல்ல, தெருமுனை மெக்கானிக்குகள். பல பத்தாண்டுகள் என்ஜின் பெரிதாக மாறவே இல்லை. அதனால் ஒரு தலைமுறை மெக்கானிக் கற்ற வேலை அடுத்த தலைமுறைக்கும் பயன்பட்டது. பாகங்கள் சென்னைப் புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் கிடைத்தன. அதாவது, கம்பெனி ஒரு பைசா செலவழிக்காத சர்வீஸ் வலை ஒன்று நாடு முழுவதும் இருந்தது. "புல்லட்டை நம்பலாம்" என்று சொன்ன பலர் உண்மையில் நம்பியது தங்கள் மெக்கானிக்கைத்தான்.

கூட்டம் கலைந்த காலம்

1980களின் நடுவில் ஜப்பான்காரர்கள் கூட்டணி போட்டு வந்தார்கள். டி.வி.எஸ். - சுசுகி, ஹீரோ ஹோண்டா, எஸ்கார்ட்ஸ் - யமஹா, பஜாஜ் - கவாசாகி. 100 சி.சி. வண்டி, நல்ல மைலேஜ், லேசாக ஒரு உதை உதைத்தால் ஸ்டார்ட். பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு என்றது ஹீரோ ஹோண்டா விளம்பரம். மறக்கவே விடாத வண்டியான புல்லட்டுக்கு இது நேர் எதிர்.

தேர்வு என்று ஒன்று வந்த பிறகுதான் விசுவாசம் எவ்வளவு என்று அளக்க முடிந்தது. பெரும்பாலான ஜனங்கள் நகர்ந்துவிட்டார்கள். மைசூரின் ஐடியல் ஜாவா 1996ல் மூடப்பட்டது. அதற்கு ரசிகர்கள் இல்லாமல் இல்லை. இன்றும் பழைய யெஸ்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பழைய வண்டியைத் துடைப்பதால் தொழிற்சாலைக்குச் சம்பளம் கொடுக்க முடியாதே!

புல்லட்டும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. 1990ல் ஐஷர் நிறுவனம் அதில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 1994ல் கம்பெனி ஐஷர் கைக்குப் போய், ராயல் என்ஃபீல்டு மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. அப்போதும் நிலைமை சீராகவில்லை. 2000 வாக்கில் மாதம் 6,000 வண்டி தயாரிக்கும் திறன் இருந்தும் விற்றது சுமார் 2,000தான். விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்று பேச்சு நடந்தது. அப்போது இருபதுகளில் இருந்த சித்தார்த்த லால் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த 2000ம் ஆண்டிலும் புல்லட்டுக்கு வெறித்தனமான ரசிகர்கள் இருந்தார்கள். அவர்கள் கிளப் வைத்திருந்தார்கள், இமயமலைக்குப் போனார்கள். ஆனால் அப்பா வாங்கிய வண்டி முப்பது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தால் மகன் ஏன் புதிது வாங்கப் போகிறான்? மிக விசுவாசமான வாடிக்கையாளர்தான் மிகக் குறைவாக வாங்கும் வாடிக்கையாளர். புது ஆள்களோ ஆயில் ஒழுகலையும் வலது கால் கியரையும் பார்த்துப் பயந்து ஓடினார்கள்.

விசுவாசிகளுக்குப் பிடிக்காத வைத்தியம்

கம்பெனி பிழைக்க வேண்டுமானால் குறைகளைச் சரி செய்ய வேண்டும். சரி செய்தால் பழைய ஆள்கள் கோபப்படுவார்கள். கியரை இடது பக்கம் மாற்றுவதா? செல்ஃப் ஸ்டார்ட்டா? பழைய வார்ப்பிரும்பு என்ஜினை எடுத்துவிட்டால் அந்த 'டப் டப்' சத்தம் என்ன ஆகும்? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சில்லறை விஷயம். புல்லட்காரர்களுக்கு மதம் மாறச் சொன்னது போல.

கடைசியில் மாற்றினார்கள். என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே வார்ப்புக்குள் இருக்கும் புது அலுமினிய என்ஜின் 2008ல் தண்டர்பேர்டில் வந்தது. 2009ல் அதே என்ஜினோடு 'கிளாசிக்' இந்தியச் சந்தைக்கு வந்தது. பார்க்க 1950களின் வண்டி, உள்ளே புது வண்டி. "சத்தம் பழைய மாதிரி இல்லை" என்று மூத்தவர்கள் முணுமுணுத்தார்கள். இளைஞர்களோ மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். 2014ல் மூன்று லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்று, உலகம் முழுவதும் ஹார்லி டேவிட்சன் விற்ற எண்ணிக்கையைத் தாண்டியது. ஒரகடத்தில் 2013லும் வல்லம் வடகாலில் 2017லும் புதுத் தொழிற்சாலைகள் வந்தன.

டீலர் பிரச்சினையின் வேர் இந்த வளர்ச்சிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு ஷோரூமைச் சில மாதத்தில் திறந்துவிடலாம். நல்ல மெக்கானிக் உருவாக வருஷங்கள் ஆகும். வாசலில் வரிசை நிற்கும்போது விற்பனைக்காரருக்குக் கெஞ்ச வேண்டிய தேவையும் இல்லை. அதோடு எரிபொருள் ஊசி, சென்சார் எல்லாம் வந்த பிறகு தெருமுனை மெக்கானிக்கிடம் எல்லாவற்றையும் கொடுக்க முடியவில்லை. பழைய காலத்தில் டீலர் சரியில்லை என்றால் போக ஒரு இடம் இருந்தது. இப்போது அந்த இடம் சுருங்கிவிட்டது. அதனால்தான் அதே அளவு குறை இன்று கூடுதலாக உறுத்துகிறது. 2021 மே மாதம் இக்னிஷன் காயில் கோளாறுக்காக 2,36,966 வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்தபோது, அத்தனை வண்டியையும் பார்க்க வேண்டிய வேலை சர்வீஸ் சென்டர்களின் தலையில்தான் விழுந்தது.

விலை ஏறிய கதை

2019 ஆகஸ்டில் கிக்கர் மட்டும் உள்ள புல்லட் 350 எக்ஸ் மாடலின் ஷோரூம் விலை 1.12 லட்சம் ரூபாய். 2023 செப்டம்பரில் புது என்ஜினோடு வந்த புல்லட்டின் ஆரம்ப விலை சுமார் 1.74 லட்சம். நாலே வருஷம்! இதில் எல்லாமே கம்பெனியின் பேராசை அல்ல. 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயமானது ஆன்ரோடு விலையை ஏற்றியது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாடு. ஒவ்வொன்றும் பில்லில் ஒரு வரி.

இதே நேரத்தில் போட்டியும் வந்தது. 2017ல் பஜாஜ் தன் டோமினார் விளம்பரத்தில் ஹெல்மெட் போட்டவர்களை யானை மேல் ஏற்றி, யானை வளர்க்காதீர்கள் என்று கிண்டல் செய்தது. யானை யார் என்று எல்லோருக்கும் புரிந்தது. கிண்டல் எடுபட்டது, விற்பனை எடுபடவில்லை. 2018 நவம்பரில் ஜாவா மறுபிறவி எடுத்தது. 2020ல் ஹோண்டா சிபி350 வந்தது. 2023 ஜூலையில் பஜாஜ் தயாரித்த டிரையம்ஃபும் ஹீரோ தயாரித்த ஹார்லியும் சில நாள் இடைவெளியில் இறங்கின.

இத்தனைக்கும் பிறகு 2024-25 நிதியாண்டில் ராயல் என்ஃபீல்டு முதல் முறையாகப் பத்து லட்சம் வண்டிகளைத் தாண்டியது. அப்படியானால் விசுவாசிகள் எந்த விலையும் கொடுப்பார்களா? கம்பெனியே அப்படி நம்பியதாகத் தெரியவில்லை. 2022 ஆகஸ்டில் 'ஹன்டர் 350'ஐ சுமார் 1.5 லட்சத்துக்கு இறக்கியது. பழைய ரசிகர்களுக்காக அல்ல, விலையைப் பார்த்துத் தயங்கிய புது ஆள்களுக்காக. 2025 செப்டம்பரில் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக ஏறியதும் வேறு கதை. 349 சி.சி. என்ஜின் மயிரிழையில் தப்பியது!

கடைசியாக

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970ல் ஒரு புத்தகம் எழுதினார். பொருளின் தரம் குறைந்தால் வாடிக்கையாளர் ஒன்று விட்டுப் போவார், இல்லையென்றால் சண்டை போடுவார். விசுவாசம் என்பது போவதைத் தள்ளிப் போட்டுச் சண்டை போட வைக்கும் சக்தி என்பது அவர் வாதம். புல்லட்காரர்களின் புலம்பலை இப்படிப் பார்த்தால் புரிகிறது. புலம்புகிறவர் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். கம்பெனி பயப்பட வேண்டியது சத்தம் போடுகிறவரைப் பார்த்து அல்ல, சத்தமில்லாமல் வேறு ஷோரூமுக்குள் நுழைகிறவரைப் பார்த்து.

விசுவாசம் ஒரு கம்பெனிக்குக் கொடுப்பது அவகாசம் மட்டுமே. 2000ல் கிடைத்த அவகாசத்தை ராயல் என்ஃபீல்டு பயன்படுத்திக்கொண்டது. அம்பாசடர் கார் பயன்படுத்தவில்லை. 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது. மூன்று வருஷம் கழித்து அந்தப் பெயரை மட்டும் பெஷோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. கார் செத்த பிறகும் பெயருக்கு விலை இருந்தது, பெயரால் காரைக் காப்பாற்ற முடியவில்லை.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு நிறுவனம் தானாகச் சம்பாதித்த நற்பெயரை இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்டக் கூடாது என்கிறது இந்தியக் கணக்கியல் தரநிலை 26. அதன் மதிப்பை நம்பும்படி அளக்க முடியாது, அது நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலும் இல்லை என்பதே காரணம். பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் வரிதான். ஆனால் சர்வீஸ் சென்டர் வாசலில் பொறுமையாகக் காத்திருக்கும் புல்லட்காரரைப் பார்க்கும்போது அதன் அர்த்தம் விளங்கும். அந்தப் பொறுமை அவருடைய சொத்து. கம்பெனிக்கு அவர் கடனாகக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.