சவர்க்காரம் வந்த வழி



திங்கட்கிழமை காலையில் பள்ளிச் சபைகூடலின்போது பிள்ளைகள் வெள்ளைச் சட்டை அணிந்து வரிசையில் நிற்பார்கள். அந்த வெள்ளைக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் யாரோ ஒரு தாயார் குனிந்த முதுகு நிமிராமல் செய்த வேலை இருக்கிறது. செம்மண் கறை, குழம்புக் கறை, வாழைக் கறை என்று எத்தனையோ கறைகள். அவற்றைப் போக்கும் சவர்க்காரம் எங்கிருந்து வருகிறது என்று நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் கேட்டேன். "கடையிலிருந்து, ஐயா" என்று பதில் வந்தது. தவறான பதில் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கடைக்கு அது எங்கிருந்து வந்தது? அந்த வழியைத் தேடிப் போனால் அது நம் தோட்டங்களுக்குள்ளேயே நுழைகிறது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

சவர்க்காரம் என்ற சொல்லைச் சற்றே பாருங்கள். சவர் என்றால் உவர்ப்பு. காரம் என்பது இங்கே மிளகாயின் காரமன்று. சாம்பலிலும் சோடாவிலும் இருக்கும் காரம். எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் பிசுக்கு விட்டுவிடும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் கிடைப்பதே சவர்க்காரம். அதன் நுண்துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை தண்ணீரை நாடும். வால் எண்ணெயை நாடும். வால் அழுக்கைப் பற்றிக்கொள்ள, தலை அதைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. வெறும் தண்ணீரால் ஆகாத காரியம் இப்படித்தான் ஆகிறது.

தமிழ்நாட்டுச் சலவைத் தொழிலாளர்கள் சவர்க்காரக் கட்டி வருவதற்கு முன்பே காரத்தின் அருமையைக் கண்டவர்கள். உவர்மண்ணைக் கரைத்த நீரில் துணியை ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, இரவெல்லாம் ஆவியில் வேகவிட்டு, காலையில் கல்லில் அடித்து வெளுப்பார்கள். பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் பூந்திக்கொட்டை. அந்தத் தொழில் கடல் கடந்து இங்கேயும் வந்தது. சிங்கப்பூரில் இன்று பெருவிரைவு ரயில் நிலையத்தின் பெயராக விளங்கும் டோபி காட், இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துவைத்துத் திடலில் துணி உலர்த்திய இடம். பினாங்கிலும் ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் அதே பெயரில் ஓர் இடம் உண்டு.

தோட்டங்களில் துரை வீட்டு உடுப்புகளுக்கு டோபி இருந்தார். லயத்து உடுப்புகளுக்கு யார் இருந்தார்கள்? விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், பால் மரம் வெட்டி, காண்டா வாளி சுமந்து திரும்பிய அதே பெண்தான் பொதுக் குழாயடியில் துணிக் குவியலோடு நின்றாள். வரலாற்றுப் புத்தகங்களில் இந்தக் குழாயடிக்குப் பக்கம் ஒதுக்குவதில்லை. ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சவர்க்காரம் ஐரோப்பாவில் மலிவுப் பொருளானதற்கு இரண்டு பிரெஞ்சுக்காரர்களை நினைவுகூர வேண்டும். நிக்கோலா லெப்ளாங் 1791-ஆம் ஆண்டில் சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். அதனால் சாம்பலை நம்பியிருக்க வேண்டிய நிலை மாறிற்று. செவ்ரூல் என்ற வேதியியலாளர் 1823-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது என்று விளக்கினார். காரம் தாராளமாகக் கிடைத்துவிட்டது. இனிக் கொழுப்புக்கு எங்கே போவது? இந்தக் கேள்விதான் கதையை நம் பக்கம் திருப்பியது.

இங்கிலாந்தில் வில்லியம் லீவர் என்ற மளிகை வணிகர் 1884-இல் 'சன்லைட்' சவர்க்காரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவரை மளிகைக் கடைக்காரர் நீண்ட கட்டியிலிருந்து வேண்டிய அளவு வெட்டி எடை போட்டுக் கொடுப்பார். லீவரோ அளவாக வெட்டி, தாளில் சுற்றி, பெயர் அச்சிட்டு விற்றார். மாட்டுக் கொழுப்போடு கொப்பரை எண்ணெய், பருத்திக்கொட்டை எண்ணெய் முதலிய தாவர எண்ணெய்களை மிகுதியாகச் சேர்த்தார். 1888-இல் லிவர்பூல் நகருக்கு அருகில் போர்ட் சன்லைட் என்ற ஊரையே தம் தொழிலாளர்களுக்காகக் கட்டத் தொடங்கினார். தோட்டத்தோடு கூடிய அழகான வீடுகள். இன்றும் போய்ப் பார்க்கிறார்கள்.

அந்த வீடுகளைப் பாராட்டுவோர் மறந்துவிடும் இன்னொரு பக்கம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். அதன் எண்ணெய் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் சவர்க்காரத்திற்கும் மெழுகுவர்த்திக்கும் கப்பல் ஏறியது. 1911-ஆம் ஆண்டில் பெல்ஜிய அரசாங்கம் காங்கோவில் பரந்த செம்பனைக் காடுகளை லீவரின் நிறுவனத்திற்கு ஒப்பந்தத்தில் கொடுத்தது. அங்கே உருவான ஊருக்கு லீவர்வில் என்றே பெயர். அந்தக் காடுகளில் மரமேறிக் குலை வெட்டியவர்கள் பலர் விரும்பி வந்தவர்கள் அல்லர், பலவந்தமாகச் சேர்க்கப்பட்டவர்கள். மலாயாவில் இந்தியத் தொழிலாளர்களின் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது 1910-ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டே வேறொரு கண்டத்தில் வேறொரு மக்களுக்கு அந்தத் தொல்லை தொடங்கிற்று. ஒரு வெள்ளைச் சட்டைக்கு எத்தனை கைகள் உழைத்திருக்கின்றன பாருங்கள்.

செம்பனை ஆசியாவுக்கு வந்த வழி வேறு. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. நெடுநாள் அது அழகு மரமாகவே நின்றது. மலாயாவில் முதல் வணிகத் தோட்டத்தை 1917-ஆம் ஆண்டில் ஆன்ரி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை தொடங்கினார். பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவர் இவர்தான். தோட்டம் இருந்த இடம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா. தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம். ஆம், நம் தமிழ்ச் சொல்லேதான். மலேசியாவின் முதல் செம்பனை வணிகத் தோட்டம் ஒரு தமிழ் மரத்தின் பெயரைத் தாங்கி நிற்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

செம்பனைப் பழத்தில் இரண்டு எண்ணெய் உண்டு. சதையிலிருந்து வருவது ஒன்று. கொட்டைப் பருப்பிலிருந்து வருவது மற்றொன்று. பருப்பெண்ணெய் தேங்காயெண்ணெய்க்குத் தம்பி போன்றது. இரண்டிலும் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். நன்றாக நுரைக்கும் சவர்க்காரத்திற்கு அது வேண்டும். கெட்டியாக இருக்க சதை எண்ணெய் உதவும்.

1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இதெல்லாம் கனவாயிற்று. சவர்க்காரம் கிடைப்பது அரிது, துணியே அரிது. கோணிச் சாக்கைத் தைத்து உடுத்தியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். என் பாட்டி காய்ந்த வாழைச் சருகை எரித்த சாம்பலை நீரில் கரைத்து, தெளிந்த நீரை இறுத்துத் துவைத்ததாகச் சொல்வார். ஏதோ பஞ்சகாலத் தந்திரம் என்று அப்போது நினைத்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான், வாழைச் சாம்பலில் பொட்டாசியக் காரம் மிகுதி என்பது விளங்கிற்று. பாட்டி செய்தது சரியான வேதியியல்.

போருக்குப் பின் காலம் மாறியது. 1950-களில் கோலாலம்பூரின் பங்சாரில் லீவர் நிறுவனத்தின் தொழிற்சாலையில் சவர்க்காரமும் மார்ஜரினும் தயாராயின. பங்சாரும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். தோட்டக் கடைகளில் மஞ்சள் நிற நீண்ட கட்டிகள் விற்றன. மாதக் கடைசியில் பற்றுப் புத்தகத்தில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய்க்கு அடுத்து சவர்க்காரக் கட்டி எழுதப்பட்டிருக்கும். துவைத்து முடித்ததும் கடைசி அலசலில் நீலம்.

இதற்கிடையில் மேல்நாட்டில் வேறொரு பொருள் வளர்ந்துகொண்டிருந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குக் கொழுப்புத் தட்டுப்பாடு. உண்ணக் கொழுப்பில்லாதபோது துவைக்க எங்கே போவது? கொழுப்பில்லாமல் வேறு பொருளிலிருந்து அழுக்ககற்றி செய்ய அங்கே முயன்றார்கள். 1933-இல் அமெரிக்காவில் 'டிரெஃப்ட்' என்ற தூள் வந்தது. மெல்லிய துணிக்கே அது ஏற்றது. 1946-இல் வந்த 'டைட்', கடும் அழுக்கையும் போக்கியது. சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவில் தூள் சவர்க்காரத்தை முந்திவிட்டது. இந்தியாவில் 'சர்ஃப்' 1959-இலும், அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய மலிவான 'நிர்மா' 1969-இலும் வந்தன. எங்கள் தோட்டத்தில் 'ஃபேப்' என்றால் எந்த நிறுவனத்தின் தூளுக்கும் அதுவே பெயர்.

தூளுக்கு இவ்வளவு வரவேற்பு ஏன்? சுண்ணாம்பு கலந்த கடின நீரில் சவர்க்காரம் நுரைக்காது. வெள்ளைப் படிவாகத் திரண்டுவிடும். தூளுக்கு அந்தக் குறை குறைவு. அதில் சேர்த்த பாஸ்பேட் கடின நீரை மெதுவாக்கிற்று. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது பெரும் பிரச்சினை. நம் நாட்டு ஆற்றுநீரோ பெரும்பாலும் மென்னீர்; ஈப்போவைப் போலச் சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த பகுதிகளில்தான் கடினம் உண்டு. நமக்கு இல்லாத நோய்க்கான மருந்தையும் சேர்த்தே நாம் வாங்கினோம். தேய்க்கும் உழைப்புக் குறைந்தது என்பது மட்டும் மறுக்க முடியாத நன்மை. ஊறவைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கலாம் என்பது லயத்துப் பெண்ணுக்குச் சிறிய உதவியன்று.

வெண்மையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தூளில் சேர்க்கப்படும் ஒளிர்பொருள், கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். மஞ்சள் பூத்த துணி வெள்ளையாகத் தோன்றும். அழுக்குப் போனதால் மட்டும் வந்த வெண்மையன்று அது. பழைய நீலம் செய்த வேலையின் புதிய வடிவம் என்று சொல்லலாம்.

நுரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்று நம்பிக் கைநிறைய அள்ளிப் போடுவோர் உண்டு. அழுக்கை எடுப்பது நான் முன்பு சொன்ன வாலும் தலையும். நுரை உடன் வரும் கூட்டாளி, அவ்வளவே. மிஞ்சிய நுரையை அலசத் தண்ணீர்தான் வீணாகும். 1950-களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்தது. அன்றைய தூளின் முக்கியப் பொருள் பெட்ரோலியத்திலிருந்து வந்தது. அதன் வால் கிளை விட்டுப் படர்ந்திருந்ததால் நீரிலுள்ள நுண்ணுயிர்களால் தின்று தீர்க்க முடியவில்லை. ஜெர்மனி 1961-இல் சட்டம் இயற்றியது. 1960-களின் நடுவில் கிளையற்ற நேர்வால் கொண்ட பொருளுக்கு நிறுவனங்கள் மாறின. பாஸ்பேட் ஏரிகளில் பாசியை வளர்த்தது பிறகு தெரியவந்தது. அதற்கும் பல நாடுகள் கட்டுப்பாடு விதித்தன.

அடுத்து, துணியை மென்மையாக்கும் திரவம். சவர்க்காரம் துணியில் சிறிது கொழுப்பை விட்டுச் செல்லும். தூள் அதையும் எடுத்துவிட்டதால் பருத்தித் துணி சொரசொரப்பானது. அதைச் சரிசெய்ய இன்னொரு பொருளை விற்றார்கள். இங்கிலாந்தில் 'கம்ஃபர்ட்' 1969-இல் வந்தது. நம் தாத்தாக்கள் கஞ்சி போட்டுச் சட்டையை விறைப்பாக்கினார்கள். பேரப்பிள்ளைகள் விறைப்பைப் போக்கக் காசு கொடுக்கிறார்கள்! மணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் திரவம் இழைகளின் மேல் கொழுப்புப் பூச்சாகப் படிவதால் துண்டும் குழந்தையின் அணையாடையும் நீரை உறிஞ்சுவது குறையும். அவற்றுக்கு அது வேண்டாம்.

எந்தத் தூளுக்கும் திரவத்திற்கும் அடங்காத கறை ஒன்று உண்டு. பால் வெட்டியவர்களுக்குத் தெரியும். மங்கிலிருந்து வழிந்த பால் சட்டையில் உறைந்துவிட்டால் அது ரப்பர், எண்ணெய் அழுக்கன்று. சவர்க்காரத்தின் வாலுக்கு அங்கே பிடியில்லை. உறையுமுன் பச்சைத் தண்ணீரில் அலசுவதுதான் வழி. அதனால்தான் வெட்டுக்கென்று தனிச் சட்டை வைத்திருந்தார்கள். அது துவைக்கத் துவைக்கக் கறுத்து, முழங்கையில் தோல்போல் தடித்துப் போயிருக்கும்.

1960-களிலும் 70-களிலும் ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டு, தோட்டந்தோட்டமாகச் செம்பனை நடப்பட்டது. 1979-இல் நிறுவப்பட்ட செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகமும், 2000-ஆம் ஆண்டு முதல் அதன் பணியைத் தொடரும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமும், பெட்ரோலியப் பொருளுக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெயிலிருந்தே சலவைத் தூள் செய்யும் முறையை ஆராய்ந்தன. மெத்தில் எஸ்டர் சல்ஃபோனேட் என்பது அந்தப் பொருளின் பெயர். கடின நீரையும் தாங்கும். நீரில் எளிதில் சிதையும். மென்மைத் திரவங்கள் சிலவும் இப்போது செம்பனைக் கொழுப்பிலிருந்தே வருகின்றன. கொழுப்பில் தொடங்கி பெட்ரோலியத்திற்குப் போன பொருள் மறுபடி தோட்டத்திற்கு வந்திருக்கிறது.

இதை வகுப்பில் சொன்ன அன்று, செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளியின் மகன் ஒருவன் காலிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். "செம்பனை என்று எங்கேயும் போடவில்லையே, ஐயா" என்றான். உண்மைதான், போடவில்லை. அவன் தாயார் அன்று காலை மரத்தடியில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.