மாமன் பெயரும் மருமகன் பெயரும்

தம்பானூர் இரயில் நிலையத்திலிருந்து கோட்டைப் பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்துக்கு நடந்தே சென்றுவிடலாம். 1956 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரையும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தமையால், அதன் சிற்றூர்களில் முதலில் குடியேறிய வேளாளர் குடும்பங்களின் வேரைத் தேடுவோர் இங்கு வந்தாக வேண்டும்.

வருவோர் பலரும் தந்தை, பாட்டன், பூட்டன் என்ற வரிசையையே கையில் வைத்திருப்பர். அவ்வரிசை ஏடுகளில் விரைவில் அறுந்துவிடும். குறை ஏடுகளுடையதன்று. நாஞ்சில் நாட்டு வேளாளரில் ஒரு பெரும் பிரிவினர் மருமக்கள்வழியினர். குடும்பச் சொத்து மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குச் சென்றது. மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்றொரு பங்கே கிடைத்தது. கவிமணியின் 'மருமக்கள்வழி மான்மியம்' எள்ளி நகைத்தது இம்முறையைத்தான். கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1926இல், இயற்றப்பட்ட நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமே இதை மாற்றத் தொடங்கியது.

ஆகவே அதற்கு முந்தைய ஆவணத்தில் அடுத்தடுத்து வரும் இரு பெயர்களைத் தந்தை, மகன் எனக் கொள்வது பெரும்பிழையாகலாம். அவர்கள் மாமனும் மருமகனுமாக இருக்கக்கூடும். இருவரையும் இணைப்பவள் ஒரு பெண். ஆவணம் அவள் பெயரைச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

வட்டெழுத்தையும் கோலெழுத்தையும் பிறகு கற்கலாம். முதலில் வீட்டிலுள்ள மூதாட்டியிடம் அவருடைய தாய், தாயின் தாய் ஆகியோரின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.