தானியம் காயவைக்கிற மெஷின் வந்த கதை

மாரண்டஹள்ளி பக்கம் கார்ல வந்துட்டுப் போற நகரத்து நண்பர்கள் தவறாம கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "ஏங்க, தானியத்தை ரோட்டுல கொட்டி வச்சிருக்கீங்களே, வண்டி சறுக்காதா?" சறுக்கும். ராத்திரியில பைக்கோட விழுந்தவங்களும் உண்டு. கொள்ளுச் செடியை ரோட்டுல பரப்பி, போற வர்ற வண்டிச் சக்கரத்தாலேயே அடிச்சுக்கிற பழக்கம் தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் இருக்கு. அதுக்குத் திட்டு வாங்காத விவசாயி கிடையாது. ஆனா களத்துல இருந்த தானியம் ரோட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு யாரும் கேட்கிறதில்லை.

இப்ப அதை எழுதக் காரணம் இருக்கு. நாங்க அஞ்சு குடும்பம் சேர்ந்து தானியம் காயவைக்கிற மெஷின் ஒண்ணு போடலாம்னு பேசிக்கிட்டு இருக்கோம். ஆளுக்கு ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் உள்ளவங்கதான். பணம் போட்டபிறகு மெஷின் தேறலைன்னா அடுத்த போகத்துக்கு விதைக்கே கையில காசு இருக்காது. அதனால எந்த மெஷின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, இது எங்க இருந்து வந்துச்சுன்னு தேடிப் படிச்சேன்.

முதல்ல நம்ம ஊர்க் கதை. எங்க பெரியப்பா காலத்துல "காயவைக்கிறது"ன்னு தனியா ஒரு வேலையே கிடையாது. ராகியை அறுத்தா கட்டுக் கட்டிப் போர் போட்டுடுவாங்க. வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். வேலை ஒழிஞ்ச நாள்ல களத்தைச் சாணி போட்டு மெழுகி, கதிரைப் பரப்பி, மாட்டைப் பூட்டிக் கல் உருளையை ஓட்டுவாங்க. பக்கத்துல பாறை இருக்கிற ஊர்க்காரங்களுக்குப் பாறையே களம். தூத்தி எடுக்கிறப்போ தானியம் சலசலன்னு இருக்கும். அதைக் குழியில் போட்டு மூடினா வருஷக்கணக்கில் கெடாது. நெல்லும் அப்படித்தான். அரிவாளால் அறுத்து வயல்லேயே ஒருநாள் ரெண்டுநாள் விட்டு, கட்டுக் கட்டி, போர் போட்டு, பிறகுதான் அடிப்பாங்க. வேலை மெதுவா நடந்ததால, நடந்துக்கிட்டே தானியம் காய்ஞ்சுடுச்சு. அதோட அந்தக் காலத்து நீண்டநாள் நெல் பெரும்பாலும் தை மாசம் அறுவடைக்கு வரும். தை வெயிலும் பனிக்காத்தும் பாதி வேலையைச் செஞ்சுடும்.

இந்த ஒழுங்கு முதல்ல உடைஞ்சது நம்ம பக்கம் இல்லை, தஞ்சாவூர்ல. 1960ல் ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியோட தொடங்கின தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒண்ணு. கொஞ்ச வருஷத்துல ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து ஏடிடி 27 வந்துச்சு. ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் நம்ம ஜிஇபி 24 ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து எடுத்த குறுகியகால நெல். குறுவைக்குன்னே செஞ்ச மாதிரி இருந்ததால டெல்டா முழுக்கப் பரவுச்சு. விளைச்சலும் நல்லாவே இருந்தது. ஆனா குறுவை அறுவடைக்கு வர்றது புரட்டாசி, ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை இறங்குற நேரம். களத்துல கொட்டின நெல்லு நனைஞ்சு, சூடேறி, முளை விட்டுது. விளையவைக்கத் திட்டம் போட்டவங்க காயவைக்கத் திட்டம் போடலைன்னு எனக்குத் தோணுது.

அந்த ஈர நெல்லுக்கு வழி தேடித்தான் 1967ல் திருவாரூர்ல, தஞ்சாவூர் கூட்டுறவு விற்பனை இணையத்தோட நவீன அரிசி ஆலையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் ஆரம்பிச்சாங்க. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தோட முதல் இயக்குநரா இருந்த டாக்டர் சுப்பிரமணியன் ஓய்வுக்குப் பிறகு இங்க வந்து வேலை பார்த்தார். அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர் ஒரு அரிசி ஆலை ஓரத்துல உட்கார்ந்து ஈர நெல்லைப் பத்தி யோசிச்சிருக்கார். மழை விடாத நாள்ல நெல் கெடாம வச்சிருக்க சாதாரண உப்பைக் கலக்கலாம்னு சோதனை பண்ணிப் பார்த்தாங்க. உப்பு ஈரத்தை இழுக்கும். ஊறுகாய் போடத் தெரிஞ்ச எந்த அம்மாவுக்கும் இது புரியும். 1972ல் அந்த ஆய்வுக்கூடம் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் ஆச்சு. பிறகு தஞ்சாவூருக்கு மாறி, பலமுறை பேர் மாறி, இன்னைக்கு மத்திய அரசின் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமா இருக்கு.

அதே காலத்துல நவீன ஆலைகளோட கூடவே வந்து நின்னது எல்எஸ்யூ டிரையர். அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1940களின் கடைசியில் உருவானது. பேரே அதிலிருந்துதான். உயரமான தகரக் கோபுரம் மாதிரி இருக்கும். உள்ளே கவிழ்த்துப் போட்ட 'வி' மாதிரி தகரங்கள் வரிசை வரிசையா இருக்கும். மேல இருந்து நெல் இறங்கும், குறுக்கே சூடான காத்து போகும். கீழ வந்ததை எலிவேட்டர் திரும்ப மேல ஏத்தும். புழுங்கல் அரிசி ஆலையில் நீங்க பார்க்கிற அந்த உயரமான பெட்டி பெரும்பாலும் இதோட வம்சம்தான். அருமையான மெஷின். ஆனா அது ஆலைக்காரர் மெஷின். பத்து டன், இருபது டன்னுன்னு கொட்டினாத்தான் அதுக்குப் பசி அடங்கும்.

இங்கதான் கதை திரும்புது. காயவைக்கிற வேலை விவசாயி களத்தை விட்டு ஆலைக்குள்ள போயிடுச்சு. அதனால ஈரத்துக்கு விலை வைக்கிறவரும் ஆலைக்காரர், வியாபாரின்னு ஆச்சு. கையில் அள்ளி, பல்லுல கடிச்சுப் பார்த்து, "ஈரம் இருக்கு, மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கிறேன்"னு ஒருத்தர் எங்கிட்டயே சொல்லியிருக்கார். சரிதானான்னு பார்க்க எங்கிட்ட ஈரமானி இல்லை.

ரெண்டாவது உடைப்பு அறுவடை மெஷின். பத்துப் பேர் நாள் முழுக்கச் செய்யுற வேலையை ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டுப் போயிடும். அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்க ஊர்ப் பசங்க ஓசூர், பெங்களூருன்னு கம்பெனிக்குப் போயாச்சு, அரிவாள் பிடிக்க ஆளில்லை. ஆனா மெஷின் அறுத்த நெல்லுல 20 முதல் 24 சதவீதம் வரை ஈரம் இருக்கும். வயல்ல கிடந்து காய்ற நாளும் இல்லை, போரும் இல்லை. ஒரு ஏக்கர் நெல் ரெண்டு டன்னுக்கு மேல ஒரே மதியத்துல வந்து குவியுது. களமெல்லாம் வீட்டுமனை ஆயிடுச்சு. மிச்சம் இருக்கிற அகலமான, சூடான, காய்ஞ்ச தரை எது? தார் ரோடு.

அரசு கொள்முதல் நிலையத்துல நெல்லுக்கு 17 சதவீத ஈரம்தான் விதி. டெல்டாவில் மழை பெய்யும்போதெல்லாம் இதைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு கேட்கும், மத்தியக் குழு வந்து பார்க்கும். 2022ல் மேட்டூர் அணையை மே 24லேயே திறந்தாங்க. கொள்முதலையும் அக்டோபருக்குப் பதிலா செப்டம்பர் 1லேயே தொடங்கினாங்க. அப்படியும் மழை பிடிச்சுக்கிச்சு. 22 சதவீதம் கேட்டாங்க, 19 கிடைச்சுது. 1967ல் திருவாரூர்ல ஆரம்பிச்ச அதே பிரச்சினை 55 வருஷம் கழிச்சும் அப்படியே நிக்குது.

இதே நோவு வேற ஒரு நாட்டுக்கும் வந்துச்சு. வியட்நாம்ல மீகாங் ஆத்து டெல்டாவில் குறுகியகால நெல் வந்தபிறகு, கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் நடுவுல ஒரு போகம் போட்டாங்க. அந்த அறுவடை சரியா மழையில் வந்து விழும். நம்ம குறுவை மாதிரியேதான். அவங்க பெரிய கோபுரத்துல ஆரம்பிக்கலை. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1970கள்ல சின்ன விவசாயிக்காகத் தட்டைத் தொட்டி டிரையர் ஒண்ணு வடிவமைச்சிருந்தது. வியட்நாம்ல அந்த மாதிரித் தொட்டி 1982ல் சோக் திராங் பகுதியில் முதல்ல வந்துச்சு. ஹோசிமின் நகரத்து விவசாயப் பல்கலைக்கழகத்துக்காரங்க அதுக்கு உமி அடுப்பு வச்சு, காத்தாடியை மாத்தி, உள்ளூர் பட்டறையிலேயே செய்யுற மாதிரி ஆக்கினாங்க. ஊர்ல ஒருத்தர் கட்டிவைப்பார், மத்தவங்க கூலி கொடுத்துக் காயவச்சுக்குவாங்க. அது ஆயிரக்கணக்குல பெருகிப்போச்சு. நம்ம கிட்ட அறிவுக்குக் குறை இல்லை, திருவாரூரே சாட்சி. அவங்க மருந்தை ஊர் அளவுக்குச் செஞ்சாங்க, நாம ஆலை அளவுக்குச் செஞ்சுட்டோம்.

இப்ப எங்க கணக்குக்கு வர்றேன். தட்டைத் தொட்டின்னா ரொம்ப எளிது. செங்கல்லோ தகரமோ வச்சுத் தொட்டி, அடியில் ஓட்டைத் தகரம், அதுக்குக் கீழ காலி இடம். அடுப்பில் சூடான காத்தைக் காத்தாடி அந்தக் காலி இடத்துக்குள்ள தள்ளும், அது தானியம் வழியா மேல வரும். 12 அடிக்கு 10 அடி தொட்டியில் ஒரு அடி உயரத்துக்கு நெல் கொட்டினா சுமார் ரெண்டு டன். அதாவது ஒரு ஏக்கர், ஒரு மதியம். எங்க அஞ்சு குடும்பத்து அளவுக்குச் சரியா உட்காருது.

ஒரு டன் நெல்லை 22 சதவீதத்துல இருந்து 14க்குக் கொண்டுவர சுமார் 93 கிலோ தண்ணியை வெளியேத்தணும். அதாவது ஒன்பது குடம் தண்ணிக்கு மேல. அந்த ஒரு டன் நெல்லை அரைச்சா 200 கிலோ உமி வரும். காயவைக்க அதுல பாதி கூட வேணாம். தன் உமியாலேயே தன்னைக் காயவச்சுக்கிற தானியம் நெல்லு! ஆனா புகை நேரா தானியத்துக்குள்ள போகக்கூடாது, அரிசியில் வாடை ஏறிடும். அடுப்புக்கும் காத்துக்கும் நடுவுல குழாய் வச்ச மாதிரிதான் வேணும்னு நான் பிடிவாதமா இருக்கேன்.

இதுல குறையும் உண்டு. அடியில் இருக்கிறது சீக்கிரம் காய்ஞ்சு மொறுமொறுன்னு ஆயிடும், மேல ஈரமாவே இருக்கும். நடுவுல ரெண்டு தரம் மண்வெட்டியால் புரட்டிவிடணும். எட்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், ராத்திரி யாராவது விழிச்சிருக்கணும். அவசரப்பட்டுச் சூட்டை ஏத்தினா நெல்லுக்குள்ள விரிசல் விழும், அரைக்கிறப்போ நொய்யாப் போகும். விதை நெல்லுன்னா காத்து 43 டிகிரியைத் தாண்டக்கூடாது, முளைப்பு போயிடும். தானே சுத்திச் சுத்திப் புரட்டுற டிரையர் இந்தத் தொல்லை இல்லாதது. சீரா காயும். ஆனா எலிவேட்டர், மும்முனைக் கரண்ட், பெரிய கொட்டகைன்னு கேட்கும். நம்ம இலவச மின்சாரம் பம்புசெட்டுக்குத்தான், இதுக்குக் கட்டணம் கட்டணும். பாதி வயிறா போட்டா அது சரியா ஓடாது. ரெண்டு ஏக்கர்க்காரனுக்கு அது யானை கட்டின கதை. சோலார் கூடாரத்துக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. கொப்பரைக்கும் மிளகாய்க்கும் நல்லது, மழைநாள்ல ரெண்டு டன் நெல்லுக்கு ஆகாது.

எங்களுக்கு நெல்லு மட்டும் இல்லை. மக்காச்சோளம் இருக்கு, அதுக்குப் பூஞ்சணம் பிடிச்சா கோழித்தீவனத்துக்குக்கூட ஆபத்து. ராகியை இப்ப அரசே நம்ம மாவட்டத்துல வாங்குது, அதுக்கு ஈரம் 12 சதவீதத்துக்குள்ள இருக்கணும். ராகி பொடி தானியம். நெல்லுக்குச் செஞ்ச ஓட்டைத் தகரத்துல கொட்டினா மொத்தமும் கீழ இறங்கிடும். மேல நைலான் வலை விரிக்கணும், காத்து ஏற மறுக்கும்னு அரை அடிக்கு மேல கொட்டக்கூடாது.

அஞ்சு பேர்ல வயசுல மூத்த அண்ணன் ஒருத்தர், "சிமெண்ட் களம் போட்டு தார்ப்பாய் வாங்கினா போதாதாப்பா? ராகிக்கு வெயிலை விட எது நல்லது?"ன்னு கேட்கிறார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அதனால தொட்டியை ஒட்டி ஒரு சின்னக் களமும் போடறதா பேசி முடிச்சிருக்கோம். வெயில் இருக்கிற நாள்ல களம், இல்லாத நாள்ல தொட்டி. ஈரமானி மட்டும் முதல்லயே வாங்கியாச்சு, அது என் வீட்டு அலமாரியில இருக்கு. மேட்டுப் பக்கம் இடம் நான் கொடுக்கிறேன். கொத்தனார் ஆவணியில் வர்றேன்னு சொல்லியிருக்கார், காத்தாடிக்குத்தான் இன்னும் விலை படியலை.