ஆட்சேபிக்க ஒரு தவணை

தன் வேலிக்கு அப்பாலுள்ள காணியில் சூரியமின் பண்ணையொன்று வரப்போகிறதென்று கேள்விப்படும் யாழ்ப்பாணத்துக் கமக்காரன், அதனை எங்கே ஆட்சேபிப்பது, எத்தனை நாளுக்குள் ஆட்சேபிப்பது என்று கேட்பானாகில், பிரதேச செயலகத்துக்குப் புறப்படுமுன் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமையை அவன் சற்றே புரட்டிப் பார்ப்பது வீண்வேலையன்று. ஒல்லாந்தத் தேசாதிபதி சீமொன்ஸின் கட்டளைப்படி திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பரிசோதித்து இசைந்த அத்தொகுப்பு 1707 இல் நிறைவெய்தியது.

அதிற் கண்ட பழைய வழக்கின்படி, காணியை அந்நியனுக்கு விற்கக் கருதியவன் தன் உரித்தாளருக்கும், பங்காளிகளுக்கும், அதனை ஈடுபிடித்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் முன்னறிவித்தல் கொடுத்தாக வேண்டும். கொடாது விற்பின், அவர்கள் மறித்துத் தாமே அக்காணியைக் கோரலாம். அறிவித்தலின் தவணையோ ஆளுக்காள் வேறுபட்டது. ஊரிலிருப்பவனுக்கு ஒரு மாதம், ஊருக்கு வெளியே அதே மாகாணத்திலிருப்பவனுக்கு மூன்று மாதம், வேறு மாகாணத்தானுக்கு ஆறு மாதம், பிறதேசத்திலிருப்பவனுக்கு ஓராண்டு. நாட்டை விட்டுப் போனவனும் நாட்டவனே என்று கருதி, அவன் இருக்குந் தூரத்தை அளந்து காலங்கொடுத்த இந்த நிதானத்தைப் பின்வந்த சட்டங்களில் நான் கண்டதில்லை.

ஒல்லாந்தக் கொம்மாந்தர் புளோமின் காலத்தில் இம்முறை சுருங்கிற்று. விற்பவனுடைய எண்ணத்தை அவன் சேர்ந்த கோவிற்பற்றின் தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிற் பிரசித்தஞ் செய்தாற் போதும் என்றாயிற்று. வீட்டிற் சிவபூசை செய்துகொண்டிருந்தவனுங்கூடத் தன் பங்காளியின் காணி விலைப்படும் செய்தியைப் பாதிரியாரின் கோவிலிற் கேட்க நேர்ந்திருக்கும்! ஆங்கிலேயர் 1806 இல் தேசவழமையைச் சட்டமாக ஏற்றனர்; 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், விற்பனையை மறித்துத் தாமே காணியைக் கோரும் இந்த முற்கொள்ளுரிமையைப் பிரிபடாத பங்குகளின் விற்பனையளவில் ஒடுக்கிற்று.

அரசே காணி கேட்கும்போது கதை வேறு. 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம், நாலாம் பிரிவின் அறிவித்தலுக்குப் பின் ஆட்சேபங்களை எழுத்தில் ஏற்கிறது. அதற்கெனக் குறிக்கப்படும் காலம் பதினான்கு நாளுக்குக் குறையலாகாதென்பதே அங்குள்ள காப்பு. 2013 ஏப்ரிலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் மரங்களில் ஒட்டப்பட்டன. உரியவரைக் கண்டறிய இயலவில்லையென்பது அரசின் கூற்று. 1990 இல் இடம்பெயர்ந்த அவ்வுரியவர்களிற் பலரோ, சில மைல் தூரத்திலிருந்த முகாம்களில் வாழ்ந்துகொண்டிருந்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றனர். 2025 மார்ச் 28 இல், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. மூன்று மாதத்துள் உரிமை கோராவிடின் காணி அரசுடைமையாகும் என்பது அதன் பொருள். உறுதிகள் யுத்தத்தில் அழிந்தவர்க்கும், ரொறன்ரோவிலும் பாரிசிலும் வாழும் காணிக்காரர்க்கும் அதே மூன்று மாதந்தான். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப்பெற்றது.

இனிச் சூரியமின் பண்ணை. ஐம்பது மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதுப்பிக்கத்தக்க மின்னிலையமாயின், தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை முப்பது நாள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும்; அத்தவணைக்குள் எவரும் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். ஆனால் பரப்புக் கணக்கிற் பிரிந்துபோன குடாநாட்டுக் காணிகளில் அத்தனை பெரிய பண்ணைக்கு இடங்காண்பது அரிது. அளவிற் சிறியவை, அரசு காக்கும் விசேட பிரதேசங்களுக்குப் புறம்பாக அமையின், பொதுவாக அவ்விதிக்குள் அகப்படுவதில்லை. அப்போது, கமக்காரன் அக்காணியிற் பங்காளியுமாயின், அவனுக்கு எஞ்சுவது தேசவழமையின் முற்கொள்ளுரிமையே. அதுவும் விலைக்கு விற்றால் மட்டும். கம்பனிக்காரர் குத்தகைக்கு எடுப்பாராகில் அந்த வழியும் அடைபடும். ஆதலின், எழுதப்படுவது விலையுறுதியா, குத்தகை உறுதியா என்பதை நொத்தாரிசிடம் விசாரித்தறிவதே கமக்காரனின் முதற்காரியம்.