இயங்கும் தரவு மையம் மேகமாவது: மெய்நிகராக்கத்திலிருந்து தனி மேகக் கணிமை வரை

1920இல் இராபர்ட் பிரிஸ்டோ கொச்சிக்கு வந்தபோது மட்டாஞ்சேரியின் வாணிபம் ஓய்வின்றி நடந்துகொண்டிருந்தது. பெருங்கப்பல்கள் கழிமுக மணல்திட்டைத் தாண்ட இயலாமல் வெளிக்கடலில் நங்கூரமிட்டன. சரக்குகள் படகுகளில் அவற்றைச் சென்றடைந்தன. இந்த வாணிபத்தை நிறுத்திவைத்து உட்துறைமுகம் அமைக்க வழியில்லை. முதலில் மணல்திட்டில் ஒரு சோதனைக் கால்வாய் வெட்டப்பட்டு, பருவமழையில் அது தூர்ந்துபோகிறதா என்று பார்க்கப்பட்டது. முழு வெட்டு அதன் பின்னரே. 1928 மே 26 அன்று 'பத்மா' என்னும் கப்பல் உள்ளே நுழைந்தது.

இயங்கும் அமைப்பை நிறுத்தாமல் மாற்றும் இதே சிக்கல், முக்கால் நூற்றாண்டுக்குப் பின் அரசுத் தரவு மையங்களில் எழுந்தது. இன்று மட்டாஞ்சேரியில் ஒருவர் வருமானச் சான்றிதழுக்கு இணையவழி விண்ணப்பித்தால், அவ்விண்ணப்பம் திருவனந்தபுரத்திலுள்ள மாநிலத் தரவு மையத்தைச் சென்றடைகிறது. இத்தகைய மையங்களை நாடெங்கும் அமைக்க 2008 ஜனவரியில் நடுவண் அரசு ரூ. 1,623.20 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. துறைதோறும் சிதறிக்கிடந்த வழங்கிகளை ஓரிடத்தில் திரட்டுவதே அன்றைய நோக்கம்.

திரட்டிய வழங்கிகளைப் பகிர்ந்து பயன்படுத்த மெய்நிகராக்கம் உதவியது. அது புதிய நுட்பம் அன்று. ஐபிஎம் நிறுவனம் 1972லேயே விஎம்/370 அமைப்பை வெளியிட்டிருந்தது. ஆனால் மெய்நிகராக்கம் வேறு, மேகக் கணிமை வேறு. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2011இல் வெளியிட்ட வரையறை மேகத்துக்கு ஐந்து பண்புகளைக் கூறுகிறது. வளங்களைத் திரட்டிப் பகிர்தல் அவற்றுள் ஒன்று மட்டுமே. பயனர் தாமே வளம் பெறுதலும், பயன்பாடு அளக்கப்படுதலும் மெய்நிகராக்கத்தால் தாமாக வந்துவிடுவதில்லை. துறை அலுவலர் கடிதம் எழுதி, நிர்வாகி ஒரு மெய்நிகர் இயந்திரத்தை உருவாக்கித் தரும் வரை காத்திருக்கும் மையம், எத்தனை நவீனமாயினும் மேகம் ஆகாது. மாற்றத்தின் மையம் கருவியில் இல்லை. ஒதுக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. பல மையங்கள் பெயரளவில் மட்டும் மேகமானதற்கு இதுவே காரணமாகலாம்.

2013இல் வெளிவந்த மேக்ராஜ் கொள்கை ஆவணங்கள், ஏற்கெனவே உள்ள மாநில மையங்களையும் மேகத்துக்கு உகந்தவையாக்கும் பாதையை வகுத்தன. தேசியத் தகவலியல் மையத்தின் தேசிய மேகம் 2014 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது.

இடப்பெயர்ச்சியின் ஆபத்து நுண்ணியது. இயங்கும் மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமல் நகர்த்த முடியும் என்று 2005இல் ஜென் ஹைப்பர்வைசர் ஆய்வாளர்கள் காட்டினர். அவர்களின் சோதனையில் ஒரு விளையாட்டு வழங்கி 60 மில்லிநொடித் தடையுடன் இடம் மாறியது. அச்சாதனை ஒரே வகை ஹைப்பர்வைசருக்குள் நிகழ்ந்தது. விஎம்வேரிலிருந்து கேவிஎம்முக்கு மாறும்போது நிலைமை வேறு. வட்டுக் கோப்பின் வடிவம் மாறவேண்டும். புதிய மெய்நிகர் வன்பொருளுக்குரிய இயக்கிகள் முன்கூட்டியே உள்ளே இருக்கவேண்டும். இல்லையேல் விண்டோஸ் இயந்திரம் தொடங்கவே தொடங்காது. பிணைய அட்டையின் முகவரி மாறினால் அதனோடு பிணைந்த மென்பொருள் உரிமமும் செயலற்றுப்போகலாம். யாருக்குச் சொந்தம் என்றே தெரியாத பழைய இயந்திரங்கள் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை.

இருப்பினும் மாறாதிருப்பதும் பாதுகாப்பன்று. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் கையகப்படுத்தியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டுச் சந்தா முறை வந்தது. 2007ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையிலேயே கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தந்த கேரளத்துக்கு இத்தகைய சார்பின் விலை புரியாததன்று.

எனவே பொறுப்புள்ள நிர்வாகிகள் பிரிஸ்டோவின் வரிசையையே பின்பற்றுகின்றனர். புதிய கட்டுப்பாட்டு அடுக்கு பழையதன் அருகில் தனியே எழுப்பப்படுகிறது. முக்கியத்துவம் குறைந்த ஓர் இயந்திரம் முதலில் சோதனையாக நகர்கிறது. பின்னர் சிறு தொகுதிகளாகப் பிற. பழைய வட்டு சில காலம் அழிக்கப்படாமல் இருக்கும். ஆயினும் புதிய இடத்தில் முதல் விண்ணப்பம் பதிவான கணத்திலிருந்து அந்தப் பழைய வட்டு காலாவதியாகத் தொடங்குகிறது. திரும்பிச் செல்வதற்கான கெடு எது என்பதை மாற்றத்துக்கு முன்பே எழுத்தில் வரையறுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.